சார்லஸ் ஆத்துல பாய்மரப் படகு: நீச்சல் சுமாரா தெரிஞ்சவங்க கத்துக்கறது எப்படி

பாஸ்டன்ல இருக்கறவங்க ரெட் லைன்ல கெண்டால் ஸ்டேஷன் தாண்டினதும் ஒரு நிமிஷம் போனைக் கீழ வெச்சிருப்பீங்க. ரயில் சுரங்கத்தை விட்டு வெளிய வந்து லாங்ஃபெலோ பாலத்து மேல ஏறும், ரெண்டு பக்கமும் தண்ணி, அதுல வெள்ளை வெள்ளையா முக்கோணம் சாஞ்சு சாஞ்சு போயிட்டிருக்கும். மூணு வருஷம் நான் அதை ஜன்னல் வழியா பாத்துட்டே ஆபீஸ் போனேன், இதெல்லாம் தாத்தா காலத்துலேருந்து பணம் இருக்கறவங்க விளையாட்டு, நமக்கு எதுக்குன்னு நெனச்சுட்டே. திருச்சிக்காரிக்கு தண்ணின்னா காவேரி, அதுவும் வருஷத்துல பாதி நாள் மணல்.

நெனச்சது தப்பு. அந்த முக்கோணத்துல நெறைய கம்யூனிட்டி போட்டிங்னு ஒரு இடத்தோட படகு. 1930கள்ல ஜோசஃப் லீன்னு ஒருத்தர் பக்கத்து ஏழை ஏரியாப் பசங்களைக் கூட்டிட்டு வந்து படகு விட ஆரம்பிச்சது, 1946ல முறையா அமைப்பா பதிவு பண்ணாங்க, அமெரிக்காவுல விடாம நடந்துட்டிருக்கற பொது பாய்மரப் படகுப் பள்ளிகள்ல இதுதான் மூத்ததுன்னு சொல்லுவாங்க. பசங்களுக்கு ரொம்ப நாளா மெம்பர்ஷிப்பே 1 டாலர்னுதான் வெச்சிருந்தாங்க. பெரியவங்களுக்கு அப்படி இல்ல, ஆனா ஒரு ஜிம்முக்கு வருஷம் பூரா கட்டிட்டு ஜனவரியோட போகாம விடறோமே அந்தக் காசை விட மோசம் இல்ல. நம்பர் போடல, வருஷா வருஷம் மாத்துறாங்க, அவங்க வெப்சைட்ல பாத்துக்கோங்க. உங்க ஊர் சியாட்டிலோ சிங்கப்பூரோ எதுவா இருந்தாலும் கீழ சொல்றதுல முக்காவாசி அப்படியே பொருந்தும், காத்துக்கு விசா கிடையாது.

போறதுக்கு முன்னாடி

மொதல்ல நீச்சல். நீச்சல் சுத்தமா தெரியாதுன்னா மொதல்ல அதைக் கத்துக்கிட்டு வாங்க, இதுல சமாதானமே கிடையாது. எல்லா இடத்துலயும் லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்க, ஆனா தண்ணில விழுந்ததும் கத்தாம கை கால் உதறாம மொகத்தை மேல வெச்சுக்கத் தெரியணும், அவ்ளோதான் வேணும், மெடல் வாங்கற நீச்சல் வேண்டாம். நான் ஒய்எம்சிஏ குளத்துல ஒரு குளிர்காலம் பூரா போய் ரெண்டு தடவை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நிக்காம போற அளவுக்கு வந்தப்புறம்தான் சேந்தேன். அம்மாகிட்ட போன்ல சொன்னப்ப, "ஏண்டி, ஊர்ல உன்னை வாய்க்கால்லயே எறங்க விட்டதில்ல, அங்க போய் படகு ஓட்டறியா" அப்படின்னாங்க. அம்மா கதை பின்னாடி வரும்.

ஏப்ரல்ல தொறந்து அக்டோபர் கடைசி வரைக்கும் நடக்கும். ஏப்ரல் மே மாசம் வெயில் அடிக்குதுன்னு டி ஷர்ட்ல போயிடாதீங்க. வெளிய 20 டிகிரி இருக்கும், ஆனா தண்ணி ஐஸ் உருகி ரொம்ப நாள் ஆகியிருக்காது, விழுந்தா நெஞ்சு அடைச்சு மூச்சு வாங்கும், பத்து நிமிஷத்துல விரல் மடங்காது. சுத்தமா புதுசுன்னா ஜூன்ல ஆரம்பிக்கறது நல்லது. டிரஸ் விஷயத்துல என்னோட ஒரே கட்டளை, காட்டன் வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைஞ்சா கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. ஜிம் துணி போதும். கால்ல ஈரத்துல வழுக்காத ஷூ, செருப்பு கயித்துல மாட்டும். கண்ணாடி போடறவங்க பின்னாடி கட்டற கயிறு வாங்கிடுங்க, ஆத்தோட அடில நம்ம மக்கள் கண்ணாடி எத்தனை கெடக்கோ. போன் தண்ணி போகாத பையில. தாலிச் செயின், பெரிய கம்மல், வளையல் எல்லாம் வீட்ல, ஏன்னா கயிறு வேகமா ஓடும்போது எதுல மாட்டும்னு சொல்ல முடியாது. முடி நீளமா இருந்தா இறுக்கிப் பின்னிக்கோங்க, ஒரு தடவை என் ஜடை நுனி கயிறு ஓடற கப்பில மாட்டி அதுக்கப்புறம் கொண்டைதான்.

ஆறு அழுக்குன்னு ஆபீஸ்ல யாராவது பயமுறுத்துவாங்க. ஒரு காலத்துல நெஜந்தான், 1995ல சுற்றுச்சூழல் துறைக்காரங்க சார்லஸுக்கு டி கிரேடு குடுத்தாங்க, அப்புறம் சாக்கடை கலக்கறதைக் கொறைச்சு கொறைச்சு பி, பி பிளஸ் வரைக்கும் வந்துச்சு. ரொம்ப வெயில் காஞ்ச கோடைல மட்டும் பச்சையா பாசி படரும், அப்ப போர்டு வெப்பாங்க, அன்னைக்கு தண்ணியத் தொடாதீங்க. டைடு கிடையாது, அதுதான் பெரிய வரம். 1910ல அணை கட்டி கடல் தண்ணியத் தடுத்துட்டாங்க, அதுக்கு முன்னாடி ஏத்தம் எறக்கம் வர்ற சேத்து நிலமாத்தான் இருந்துச்சு. அதனால புதுசா கத்துக்கறவங்க காத்து ஒண்ணைப் பத்தி மட்டும் கவலைப்பட்டா போதும்.

மொத நாள்

சார்லஸ் எம்ஜிஎச் ஸ்டேஷன்ல எறங்கி நடைபாலம் ஏறி ரோட்டைத் தாண்டினா நேரா படகுத்துறை. கொடிக் கம்பத்தைப் பாருங்க. பச்சைக் கொடின்னா காத்து மெதுவா, புதுசா கத்துக்கறவங்களுக்கு ஆச்சு. மஞ்சள்னா கொஞ்சம் பழகினவங்க. சிவப்புன்னா கைதேர்ந்தவங்க மட்டும். மொத மாசம் பூரா நீங்க ஆபீஸ் ஜன்னல் வழியா மரம் ஆடறதைப் பாத்து இன்னைக்கு என்ன கொடின்னு கணக்கு போடுவீங்க.

மொத கிளாஸ் தரைலதான், பேரு சொல்லுவாங்க, பலகைல படம் போடுவாங்க. அடுத்து படகுக்குப் பாய் கட்டறது. அப்புறந்தான் தண்ணி. சொல்லித்தரவங்கள்ல சம்பளத்துக்கு இருக்கறவங்களும் உண்டு, சும்மா ஆசைக்கு வந்து சொல்லித்தர பழைய மெம்பர்களும் உண்டு. ரிட்டையர் ஆன ஒருத்தர் ஒரே விஷயத்தை எனக்கு ஏழு தடவை சொன்னார், முகம் சுளிக்கல. ஒரே ஆள்கிட்ட ஒட்டிக்காம நாலு பேர்கிட்ட கத்துக்கோங்கன்னு நான் சொல்லுவேன், ஒருத்தர் சொல்லிப் புரியாதது இன்னொருத்தர் சொன்னா பொசுக்குனு புரியும்.

பேருங்க மொத வாரம் தலைய சுத்தும். முக்கியமா ஒண்ணு, படகுல கயிறுக்குக் கயிறுன்னு பேரே இல்ல. பாயை மேல ஏத்தற கயிறு ஹேலியார்ட். பாயை உள்ள இழுக்கற, வெளிய விடற கயிறு ஷீட். ஷீட்னா துணின்னு நெனச்சு நான் பாயைப் புடிச்சு இழுத்திருக்கேன், மானம் போச்சு. பெரிய பாய் மெயின், முன்னாடி இருக்கற சின்னது ஜிப். மெயினோட அடியில படுக்கையா இருக்கற கட்டை பூம், அது மண்டைல இடிக்கற சத்தமே பேருன்னு வெச்சுக்கோங்க. கையில பிடிக்கற கொம்பு டில்லர், அது பின்னாடி தண்ணிக்குள்ள இருக்கற சுக்கானைத் திருப்பும். படகு நடுவுல தண்ணிக்குள்ள எறங்கற பலகை சென்டர்போர்டு, அது இல்லன்னா படகு நண்டு மாதிரி பக்கவாட்டுல போகும். முன்பக்கம் பௌ, நம்ம மீனவங்க அதை அணியம்னு சொல்லுவாங்க, எனக்கு அந்த வார்த்தைதான் புடிச்சிருக்கு, இனிமே அப்படியே எழுதறேன். கேட்டமரான்னு ஒரு வகைப் படகு பத்தி அங்க பேசுவாங்க, அது நம்ம கட்டுமரம்தான்னு பீத்திக்கலாம், ஆனா முடிச்சு போடத் தெரியாம முழிச்சிட்டு நிக்கற நேரத்துல சொல்லாதீங்க.

கத்துக்கற படகு மெர்குரின்னு 15 அடி, 1930கள் கடைசில வரைஞ்ச டிசைன். கனமா, பொறுமையா, நம்மளை மன்னிக்கற படகு. மூணு முடிச்சு தெரியணும். எட்டு மாதிரி வர்ற முடிச்சு, கயிறு ஓட்டை வழியா நழுவிப் போகாம இருக்க. போலைன், அவிழாத கண்ணி. அப்புறம் துறைல இருக்கற கொம்புல கயிறு சுத்தறது. ஒரு சாண் நாடா எடுத்து டிவி பாக்கும்போது போட்டுப் போட்டு அவிழ்த்துப் பழகுங்க, கண்ணை மூடிட்டுப் போடற வரைக்கும். பாய் ஏத்தறப்ப படகோட அணியம் காத்தைப் பாத்து இருக்கணும், இது மறக்கவே கூடாதது. பக்கவாட்டுல காத்து வர்றப்ப ஏத்தினா பாய் பாதி ஏறும்போதே காத்தைப் புடிச்சு, கட்டிப் போட்ட மாடு கயித்த இழுக்கற மாதிரி படகு இழுக்க ஆரம்பிச்சுடும்.

காத்து எங்கேருந்து வருது

இதுதான் பாடம். மத்ததெல்லாம் இதுக்கு அடில வர்றது. கார் ஓட்டிப் பழகின நமக்கு எங்க போகணும்னு பாக்கற புத்திதான் இருக்கு, பாய்மரத்துல மொதல்ல எங்கேருந்து வருதுன்னு பாக்கணும்.

லால்குடி பக்கம் எங்க தாத்தா களத்துமேட்டுல நெல்லு தூத்தறதுக்கு முன்னாடி ஒரு சிட்டிகை பதரை எடுத்து தோள் உசரத்துலேருந்து விடுவார், அது எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டு, காலை மாத்தி நின்னு, முறத்தைத் தூக்குவார். பேச மாட்டார், நின்னு காத்தைக் கன்னத்துல வாங்குவார். நானும் இப்ப அதையேதான் பண்றேன். மொகத்தை மெதுவா திருப்புங்க, ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி இரைச்சல் கேட்டா மூக்குக்கு நேரா காத்து. பாய்ல சின்ன கம்பளி நூல் ஒட்டியிருப்பாங்க, அதைப் பாருங்க. கரைல கொடி, புகை, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற படகோட பாய் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, எல்லாம் துப்பு.

அப்புறம் தண்ணி. இது கொஞ்ச நாள் ஆகும், ஆனா கண்ணுல பட்டுடுச்சுன்னா அதுக்கப்புறம் மறையாது. தண்ணி மேல அங்கங்க கருப்பா, ஒரு ஈரக் கை தடவின மாதிரி திட்டு ஓடி வரும், அது சும்மா நிழல் இல்ல, வேகமான காத்து தண்ணியக் கலைச்சுட்டே வருது. அந்தத் திட்டு உங்ககிட்ட வர்றதுக்கு அஞ்சு செகண்ட் இருந்தா அந்த அஞ்சு செகண்ட்தான் உங்க சொத்து.

சார்லஸ் காத்து ரொம்ப நேர்மையானது இல்ல. கோடைல தென்மேற்குலேருந்து ஆத்தோட நீளத்துக்கு அடிக்கறப்ப ஒழுங்கா இருக்கும். மழை விட்டு வானம் பளிச்சுனு ஆனப்புறம் வடமேற்கு அடிக்கும் பாருங்க, அது கேம்பிரிட்ஜ் பக்கம் எம்ஐடி கட்டடங்களைத் தாண்டி, இடுக்குல புகுந்து, துண்டு துண்டா வந்து விழும், ஒரு நிமிஷம் பாய் தொங்கும், அடுத்த நிமிஷம் படகு ஒரு பக்கமா எழும்பும். இங்க ஓட்டக் கத்துக்கிட்டா எங்கயும் ஓட்டலாம்னு இவங்க பெருமை பேசறதுல நியாயம் இருக்கு. எதிர்க்கரைல எம்ஐடிக்கு சொந்தமா படகுத்துறை உண்டு, 1930கள்லேருந்து, அவங்க மாணவர்கள் இந்தக் காத்துலதான் போட்டி போட்டே வளர்றாங்க.

ஓட்டறது

காத்து வர்ற திசைக்கு நேரா எந்தப் பாய்மரப் படகும் போகாது. நேர் திசைக்கு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட 45 டிகிரி, அந்த முக்கோணம் பூரா நமக்கு மூடின வீதி. அந்தப் பக்கம் போகணும்னா இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வுன்னு, திருப்பதி மலைப்பாதை மாதிரி வளைஞ்சு வளைஞ்சுதான் ஏறணும்.

டில்லர் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். வலது பக்கம் தள்ளினா அணியம் இடது பக்கம் போகும். மொத ரெண்டு கிளாஸ் மூளை குழம்பும், யோசிக்காதீங்க, தூரத்துல ஒரு கட்டடத்தைப் பாத்துட்டு கையை லேசா ஆட்டி ஆட்டிப் பாருங்க, கை தானா கத்துக்கும். லாங்ஃபெலோ பாலத்துல உப்பு டப்பா மிளகு டப்பா மாதிரி நாலு கோபுரம் இருக்கு, மக்கள் அப்படியேதான் கூப்பிடறாங்க, அதுல ஒண்ணைக் குறி வெச்சுக்கோங்க. ஸ்கூட்டர் ஹேண்டில் மாதிரி இறுக்கிப் புடிக்காம, குழந்தை விரலைப் புடிச்ச மாதிரி புடிங்க.

பாயை எவ்ளோ இழுக்கணும்? ஒரே வழிதான், எல்லாருக்கும் இதுதான். ஷீட்டை மெதுவா விடுங்க, பாயோட முன் ஓரம் படபடன்னு ஆட ஆரம்பிக்கும், அப்ப ஆட்டம் நிக்கற வரைக்கும் மட்டும் திருப்பி இழுங்க. அவ்ளோதான். சந்தேகமா இருந்தா விடுங்க. புதுசா வர்றவங்க எல்லாருமே அளவுக்கு மேல இழுத்துப் புடிச்சுட்டு படகு ஏன் போகலன்னு கேப்பாங்க. காத்து பக்கவாட்டுல வர்ற மாதிரி போனா படகு சுகமா, வேகமா போகும், மொத நாள் பூரா அப்படியே கோடிக்குக் கோடி போயிட்டு வாங்க.

இப்ப பயம். என்னோட மூணாவது கிளாஸ்ல நடந்ததைச் சொல்றேன். டில்லர் என் கையில, ஷீட்டும் என் கையில, பக்கத்துல அந்த ரிட்டையர்டு மனுஷர். திடீர்னு ஒரு காத்து, படகு ஒரு பக்கமா தூக்குச்சு, அந்தப் பக்கம் விளிம்புல தண்ணி சலசலன்னு கை எட்டற தூரத்துல ஓடுது. நான் என்ன பண்ணேன்னா, பஸ் சடன் பிரேக் போட்டா கம்பியப் புடிப்போம்ல, அப்படி கையில இருந்த கயித்தை உயிரைப் புடிச்ச மாதிரி புடிச்சேன். புடிக்கப் புடிக்க பாய் இன்னும் இறுகுது, படகு இன்னும் சாயுது, நான் இன்னும் புடிக்கறேன். அவர் கத்தவே இல்ல, என் கையத் தொட்டு "விரலைத் தொற" அப்படின்னார். தொறந்தேன். ஷீட் சர்ருனு ஓடுச்சு, பாய் வெளிய போய் துணி மாதிரி படபடன்னு அடிச்சுது, படகு தொப்புனு நேரா உக்காந்துச்சு. ரெண்டு செகண்ட்தான். காத்து இன்னும் அடிச்சுட்டுதான் இருக்கு, ஆனா படகு சும்மா நிக்குது, ஒரு மரக்கட்டை மாதிரி. நம்ம உடம்புல பொறந்ததுலேருந்து இருக்கற பழக்கம் பயந்தா இறுக்கிப் புடிக்கறது, படகு கேக்கறது நேர் எதிரா.

அதனால மொதல் பத்து மணி நேரத்துல மெயின் ஷீட்டை எதுலயும் கட்டி வெக்காதீங்க, கையிலயே வெச்சுக்கோங்க, கையில சுத்திக்கவும் கூடாது. காத்து அதிகமானா ஷீட்டை விடு. போதலன்னா அணியத்தைக் கொஞ்சம் காத்துப் பக்கம் திருப்பு. நின்னு மூச்சு வாங்கணும்னா, காத்து பக்கவாட்டுக்கும் கொஞ்சம் முன்னாடிலேருந்து வர்ற மாதிரி படகை வெச்சு ரெண்டு பாயையும் முழுசா விட்டுடுங்க, படகு மிதந்துட்டே நிக்கும், தண்ணி குடிக்கலாம், பக்கத்து ஆளோட சண்டை போட்டு முடிக்கலாம். இந்த நிப்பாட்டறதை ஓட்டறதுக்கு முன்னாடியே பழகிடுங்க. வண்டி ஓட்டக் கத்துக்கறப்ப மொதல்ல பிரேக் எங்கன்னு கேப்போம் இல்ல.

திரும்பறதுல ரெண்டு வகை. காத்துக்குள்ள மூக்கை விட்டுத் திரும்பறது டாக். சுத்தி யாரும் இல்லன்னு பாத்து, கூட இருக்கறவங்ககிட்ட சத்தமா சொல்லிட்டு, டில்லரைப் பாய் இருக்கற பக்கம் தள்ளுங்க, பூம் தலைக்கு மேல வரும்போது குனிஞ்சு அந்தப் பக்கம் மாறி உக்காருங்க. மெதுவா போறப்ப பண்ணினா பாதில நின்னுடும், அணியம் நேரா காத்தைப் பாத்துட்டு, பாய் ரெண்டும் ஆடிட்டு, படகு பின்னாடி நழுவும். இது எல்லாருக்கும் நடக்கும், சிரிக்கறவனுக்கு நேத்து நடந்திருக்கும். அப்ப டில்லரையும் தள்ளு பூமையும் தள்ளு, படகு பின்னாடியே போய் ஒரு பக்கம் திரும்பும், திரும்பினதும் ரெண்டையும் இழு. தள்ளு தள்ளு, இழு இழு.

இன்னொண்ணு ஜைப், காத்தை முதுகுல வாங்கிட்டுப் போறப்ப திரும்பறது. இதுல பூம் மெதுவா வராது, ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கத்துக்கு வீசும். நீங்க திருப்பணும்னு நெனக்காமயே கூட நடக்கும், காத்து முதுகுக்கு நேர் பின்னாடிலேருந்து கொஞ்சம் நகந்தா போதும். மண்டை உடையற கதை எல்லாம் இங்கதான். அதனால புதுசுல நேர் முதுகுல காத்து வாங்காம கொஞ்சம் சாய்வா போங்க, ஜைப் பண்றப்ப ஷீட்டை மொதல்ல உள்ள இழுத்துட்டு, எல்லாரும் குனிஞ்சாச்சான்னு பாத்துட்டு, பூம் தாண்டினதும் உடனே விடுங்க. மஞ்சள் கொடில ஜைப் பயமா இருந்தா பண்ண வேண்டாம், ஒரு முழு சுத்து சுத்தி டாக் பண்ணியே திரும்பிக்கலாம், யாரும் மார்க் கொறைக்க மாட்டாங்க.

வழி விடறது பத்தி சுருக்கமா. ரெண்டு பாய்மரம் எதிரும் புதிருமா வந்தா, வலது பக்கம் காத்து வாங்கறவங்களுக்கு முன்னுரிமை, இடது பக்கம் வாங்கறவங்க ஒதுங்கணும். ரெண்டு பேருக்கும் ஒரே பக்கம் காத்துன்னா காத்துக்குக் கிட்ட இருக்கறவங்க ஒதுங்கணும். பின்னாடிலேருந்து முந்தறவங்க எப்பவும் ஒதுங்கணும். துடுப்பு போடற நீளப் படகுங்ககிட்ட உஷார், அவங்க உக்காந்திருக்கறது பின்னாடி பாத்து, முன்னாடி நீங்க இருக்கறது அவங்களுக்குத் தெரியாம இருக்கலாம். டூரிஸ்ட் ஏத்திட்டு ரோட்லேருந்து ஆத்துல எறங்கற அந்த வாத்து வண்டிக்கும் தள்ளியே இருங்க. யார் பக்கம் நியாயம்னு தண்ணி மேல நின்னு பேச முடியாது. மேற்கால ஹார்வர்டு பாலம் இருக்கே, 1958ல ஸ்மூட்னு ஒரு எம்ஐடி மாணவரைப் படுக்க வெச்சுப் படுக்க வெச்சு அதோட நீளத்தை அளந்தாங்க, 364.4 ஸ்மூட்டும் ஒரு காதும்னு இன்னும் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க, அந்தப் பாலத்துக்கும் லாங்ஃபெலோவுக்கும் நடுவுலதான் ஆறு அகலமா இருக்கு, புதுசுல அதுக்குள்ளயே இருங்க. பாலத்துக்கு அடில காத்து செத்துப்போயிடும், அங்க மாட்டினா வெளிய வர்றது பெரும்பாடு.

துறைக்குத் திரும்பி வர்றதுதான் நெஜமான பரீட்சை. படகுக்குப் பிரேக் கிடையாது, காத்துதான் பிரேக். அதனால எப்பவும் காத்துக்கு எதிரா ஏறி வர்ற மாதிரி துறைய நெருங்கணும், தூரத்துலயே பாயைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, நடக்கற வேகத்துக்குக் கொண்டு வந்து, கடைசில அணியத்தை நேரா காத்துப் பக்கம் காட்டினா படகு தானா நிக்கும். வேகமா வர்றோம்னு தோணுச்சுன்னா சுத்திட்டு மறுபடி வாங்க, மூணு தடவை சுத்தினாலும் கௌரவக் கொறைச்சல் இல்ல. படகுக்கும் துறைக்கும் நடுவுல மட்டும் கையக் காலை நீட்டாதீங்க, படகோட பைபரைத் திரும்ப ஒட்டலாம், விரல் ஒட்ட முடியாது. நான் ஒரு சனிக்கிழமை காலைல வேற எதுவும் பண்ணாம துறைக்கு வர்றது, போறது, வர்றதுன்னு இருபது தடவை பண்ணேன். போரடிக்கும், ஆனா அதுக்கப்புறம் மத்ததெல்லாம் எளிசாச்சு.

கவுந்தா? கவுறும், என்னைக்காவது. படகை விட்டு நீந்திப் போகாதீங்க, கரை கிட்ட தெரிஞ்சாலும் கூட. கவுந்த படகு மிதக்கும், கண்ணுக்குத் தெரியும், தனியா ஒரு தலை தெரியாது. மொதல்ல கூட வந்தவங்க தலை எண்ணுங்க. கயித்துல யாராவது மாட்டியிருக்காங்களான்னு பாருங்க. சின்னப் படகுன்னா அணியம் காத்துப் பக்கம் இருக்கற மாதிரி திருப்பிட்டு, வெளிய நீட்டிட்டு இருக்கற சென்டர்போர்டு மேல ஏறி நின்னு விளிம்பைப் புடிச்சு பின்னாடி சாய்ஞ்சா மெதுவா எழுந்து வரும், ஷீட் எல்லாம் விட்டிருக்கணும், இல்லன்னா எழுந்ததும் ஓடிடும் அல்லது அந்தப் பக்கம் படுத்துடும். பெரிய படகுன்னா தொங்கிட்டு இருங்க, மோட்டார் படகுல ஆள் வருவாங்க. ஆழம் கம்மியான எடத்துல பாய்மரத்து நுனி சேத்துல குத்திட்டு வரவே வராது, அப்ப நீங்க கம்முனு இருந்து அவங்க சொல்றதைக் கேளுங்க.

தனியா ஓட்டறதுக்கு ஒரு டெஸ்ட் உண்டு. பாய் ஏத்தி, வெளிய போய், டாக், ஜைப், நிப்பாட்டறது, துறைக்கு வர்றது. எனக்கு மொத தடவை போச்சு, துறைல இடிச்சேன். ரெண்டாவது தடவை காத்தே இல்லாத நாளா பாத்துப் போனேன், இது ஏமாத்து வேலைதான், ஒத்துக்கறேன், ஆனா பாஸ் ஆனதும் மஞ்சள் கொடிக்குப் பழகாம உக்காந்துட்டேன், அடுத்த வருஷம் மறுபடி பயத்துலேருந்து ஆரம்பிக்க வேண்டியதாச்சு. நீங்க கொஞ்சம் காத்து இருக்கற நாள்லயே குடுத்துடுங்க.

ஊருக்குத் திரும்பிப் போறவங்க கவனத்துக்கு, சென்னைல துறைமுகத்துக்குள்ளயே கத்துக்கலாம். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்சவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ராமானுஜன் கிளார்க்கா வேலை பாத்த அதே போர்ட் டிரஸ்ட்டோட சேர்மன். பசங்களுக்கு சம்மர் கேம்ப் நடக்கும். நேத்ரா குமணன் அப்படி சென்னைல சின்ன வயசுல ஆரம்பிச்சவங்கதான், 2021ல ஒலிம்பிக்ஸ் பாய்மரத்துக்குத் தகுதி வாங்கின மொத இந்தியப் பெண். அங்க ஆறு இல்ல, கடல், அலை உண்டு, மத்தியானக் கடற்காத்து உண்டு, அது வேற பாடம்.

மறுபடி சார்லஸுக்கு வர்றேன். டெஸ்ட் பாஸ் பண்ணி ரேட்டிங் ஏறினப்புறம் கெஸ்ட் கூட்டிட்டுப் போகலாம், விதி என்னன்னு டெஸ்க்ல கேட்டுக்கோங்க. போன ஜூலைல அம்மா ஆறு மாச விசிட்டுக்கு வந்திருந்தாங்க. நாலு வாரம் கெஞ்சி, புடவைய விட்டு சுடிதார் மாட்டி, லைஃப் ஜாக்கெட் போட்டு, பச்சைக் கொடி நாள்ல கூட்டிட்டுப் போனேன். மொத பத்து நிமிஷம் கந்த சஷ்டி கவசம். அப்புறம் கொஞ்சம் நிமிர்ந்து உக்காந்தாங்க. நான் ஜிப் ஷீட்டைப் பத்தி ஏதோ விளக்கிட்டு இருக்கறப்ப அம்மா எனக்குப் பின்னாடி பாத்துட்டு, "ஏய், அங்க தண்ணி கருக்குது பாரு, காத்து வருதுடி" அப்படின்னாங்க. திரும்பிப் பாத்தேன், ஆமா, எம்ஐடி பக்கத்துலேருந்து ஒரு திட்டு ஓடி வருது. விரலைத் தொறந்தேன். படகு லேசா தலைய ஆட்டிட்டு நேரா நின்னுச்சு. எப்படிம்மா தெரிஞ்சுதுன்னு கேட்டா, "மாடில வடாம் காயப்போட்டவளுக்குத் தெரியாதா காத்து வர்றது" அப்படின்னாங்க.

திரும்பி வந்து பாயை எறக்கி பூம் மேல மடிச்சுக் கட்டணும், ரெண்டு கோடியிலயும் ரெண்டு பேர் நின்னு ஒரே அகலத்துல கொசுவம் வெக்கற மாதிரி இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மடிக்கறது. நான் எப்பவும் சுருட்டித் திணிச்சுட்டு வந்துடுவேன். அம்மா என் மடிப்பைப் பாத்துட்டு எல்லாத்தையும் பிரிக்கச் சொன்னாங்க. அந்தக் கோடிய என்னைப் புடிக்கச் சொல்லி, பட்டுப் புடவைய பீரோவுக்கு மடிக்கற மாதிரி ஒவ்வொரு மடிப்பையும் உள்ளங்கையால நீவி நீவி வெச்சாங்க. துறைல வேலை பாக்கற காலேஜ் பையன் கயித்தோட வந்து நின்னுட்டு, உங்க அம்மா எவ்ளோ வருஷமா படகு ஓட்டறாங்கன்னு என்கிட்ட கேட்டான்.